மாட்டிய கை

எங்கள் சங்க அலுவலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் செய்தி எழுதுவது என் வேலை. யாருக்கு மாற்றல், யாருக்குப் பெண் குழந்தை, எந்தத் தெருவில் கம்பம் சாய்ந்து நிற்கிறது, எந்த அதிகாரி எந்தத் தோழரை மரியாதைக் குறைவாகப் பேசினார், எல்லாம் என் கையெழுத்தில்தான் ஊருக்குத் தெரியவரும். முப்பது வருஷமாக மின் ஊழியர் சங்கத்தில் இருந்தும் நான் ஒரு கம்பம்கூட ஏறியதில்லை. நாற்காலியில் ஏறிப் பல்பு மாற்றினாலே எனக்குத் தலை சுற்றும். அதனால் லைன்மேன்கள் எனக்குப் 'பலகை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போது நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பத்தொன்பது நாளாக அந்தப் பலகையின் முதல் வரி மாறவில்லை. 'நாற்பத்தொன்று இன்னும் இறங்கவில்லை.'

நாற்பத்தொன்று என்பது ஒரு பித்தளைத் தகட்டின் எண். கம்பம் ஏறும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அகலத்தில் அப்படி ஒரு தகடு உண்டு. ஏறுவதற்கு முன் துணைமின் நிலையத்துக்குப் போய், அந்த லைனின் சுவிட்சை இறக்கி, கைப்பிடியில் தன் தகட்டைத் தானே மாட்ட வேண்டும். வேலை முடிந்து வந்து தானே கழற்ற வேண்டும். தகடு தொங்கும்வரை ஆண்டவனே வந்து கேட்டாலும் ஆபரேட்டர் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்றுதான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாவு விழுந்த பிறகு, முப்பத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் இந்த விதியை வாங்கியது. மாட்டிய கைதான் கழற்ற வேண்டும்.

நாற்பத்தொன்றாம் தகடு குருவியுடையது. ஆள் ஒல்லி, கம்பத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனசு வராது, அதனால் அந்தப் பெயர். அன்றைக்குச் சலவைத் தெருவின் கடைசிக் கம்பத்தில் அவனுக்கு வேலை. கீழே நின்றவன் நெட்டை. கீழே நிற்கும் ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் அது ஒரு பொறுப்பு. நேரமானதும் ஸ்பேனரால் கம்பத்தில் மூன்று தட்டுத் தட்டுவான். அதுதான் மேலே இருப்பவனுக்கு உத்தரவு. இறங்குகிறவன் கடைசிப் படியிலிருந்து தரைக்குக் கால் வைக்கும்போது, கீழே நிற்பவன் தோளில் கையை ஊன்றிக்கொள்வான். இருவர் இருவராக வேலை பார்க்கும் எங்கள் ஆட்களின் சட்டையில் வலது தோள் மட்டும் எப்போதும் கிரீஸாக இருப்பது அதனால்தான்.

நெட்டை எங்கேயோ ஐந்து நிமிஷம் போய்த் திரும்பி வந்தபோது, குருவி கம்பத்தடியில் மல்லாந்து கிடந்தான். கரண்ட் இல்லாத லைன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எலும்பு முறியவில்லை. கண் திறந்திருந்தது, பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாக் கருவியையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

அவன் இடுப்புப் பெல்ட் மட்டும் மேலேயே இருந்தது. கம்பத்தைச் சுற்றி, பக்கிள் மாட்டியபடி, உள்ளே ஓர் ஆள் சாய்ந்திருப்பது போல இறுக்கமாக இருந்தது. பெல்ட்டை அவிழ்க்காமல் அதற்குள்ளிருந்து ஒருவன் எப்படி விழுவான் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஏறிப் போய் அதை அவிழ்த்து வர எந்த லைன்மேனும் முன்வரவும் இல்லை.

முதல் நாள் நான் பலகையில் 'நாற்பத்தொன்று உடல்நலமின்றி வீட்டில் இருக்கிறார்' என்றுதான் எழுதினேன். அவன் மனைவி வந்து உள்ளங்கையால் அழித்துவிட்டு, "தப்பா எழுதாதீங்கண்ணே, அவரு இன்னும் இறங்கல," என்றாள். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்து அப்படியே எழுதினேன். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகு பாவம் என்று நினைக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரே அறைதான் வீடு. ஜன்னலோரம் அவளுடைய காயில் சுற்றும் மிஷின். கருகிப்போன மின்விசிறி மோட்டார்களுக்குப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. எண்ணிக்கை தவறினால் மோட்டார் புகைந்துவிடும் என்பதால், யாரோடு பேசினாலும் உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். சுவரோரக் கட்டிலில் குருவி படுத்திருந்தான். கை இரண்டும் மார்புக்கு மேலே எதையோ கட்டிப் பிடித்தபடி நின்றன. கால் பாதங்கள் ஒன்று மேல் படியிலும் ஒன்று கீழ்ப் படியிலும் நிற்பது போல விறைத்திருந்தன.

"உக்காருங்கண்ணே. நூத்தி நாப்பது… ஒரு நிமிஷம்." மிஷினை நிறுத்தினாள். "அவரு முதுகுக்கு அடில கைய விட்டுப் பாருங்க."

விட்டேன். சுலபமாகப் போயிற்று. முதுகு மெத்தையில் பட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

"பத்து நாளைக்கு ஒரு தரம் விரிப்பு மாத்தினாப் போதும்போல இருக்கு. விரிச்சது விரிச்சபடி கிடக்குது," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "காத்தடிச்சா ஆடறாருண்ணே. ஜன்னலச் சாத்தி வச்சாலும் ஆடறாரு. நேத்து மத்தியானம் சட்டை நனைஞ்சு போச்சு. இங்க ஒரு பொட்டு மழை இல்ல."

நேற்று மத்தியானம் சலவைத் தெருப்பக்கம் மட்டும் ஒரு மழை அடித்து ஓய்ந்ததை நானே பலகையில் எழுதியிருந்தேன்.

"ஏதாவது சாப்பிடறானா?"

"ஸ்பூன்ல பால் விட்டா முழுங்கறாரு. மேல இருக்கறவருக்குக் கீழ இருந்து தூக்குவாளில சோறு கட்டி அனுப்பற மாதிரிதான்." கட்டிலைப் பார்த்தாள். "தகடு தொங்கற வரைக்கும் பயமில்ல. எவனாவது அதக் கழட்டி சுவிட்சப் போட்டுட்டான்னா இவரு போயிருவாரு. எங்கப்பா போன மாதிரி."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் விழுந்த சாவு அவள் அப்பாவுடையதுதான். இருபத்தேழாம் எண். அதே சலவைத் தெருக் கம்பம். அவள் மிஷினுக்கு மேலே ஆணியில் அந்தத் தகடு தொங்கியது, துடைத்துத் துடைத்து எண் பாதி தேய்ந்துபோய்.

"எங்கம்மா சாகற வரைக்கும் ஒரே பேச்சு. உங்கப்பனுக்கு ஞாபக மறதி, தகட்டக் கழட்டினதையே மறந்துட்டு மறுபடி ஏறினான், மறந்துதான் நம்மள விட்டுட்டுப் போனான்னு. நீங்கதான் அன்னைக்குப் பலகைல அப்படி எழுதினீங்க இல்ல?"

"நான்தான்," என்றேன். டீ வைத்துக் கொடுத்தாள். குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

சலவைத் தெருக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. முப்பத்தாறு வீடு, பதினொரு சலவைக்கடை, பத்தொன்பது நாளாக ஓர் இஸ்திரிப்பெட்டி சூடாகவில்லை. ஊரே கசங்கிய துணியோடு திரிந்தது. இன்ஜினியர் கடிதம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் சங்கம் தகட்டைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் தானே கட்டரோடு வந்து வெட்டிவிட்டு லைனுக்குக் கரண்ட் கொடுப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எழுந்தார். எந்நேரமும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருப்பவர். அன்றைக்கு அவர் சட்டையும் கசங்கியிருந்தது.

"தோழர்களே, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெம்பில்ல. அவரு வந்து வெட்டினா நம்ம விதி போச்சு. நாமளே தீர்மானம் போட்டுக் கழட்டினா விதி நம்மகிட்டயே இருக்கும். என்ன சொல்றீங்க?"

ரிட்டயர் ஆகப் போகிற ஒரு ஃபோர்மேன் மட்டும் பேசினார். "தீர்மானம் எத்தனை வேணும்னாலும் போடலாம் தலைவரே. கழட்டறதுக்குக் கை வேணுமே. எவன் குடுப்பான்?"

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். வாசலில் குருவியின் மனைவி நின்றிருந்தாள். விரலில் செப்புக் கம்பி அறுத்த தழும்போடு, வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

"கழட்டிட்டா அவரு எங்க போவாரு சித்தப்பா?" என்றாள்.

தலைவரும் அவள் அப்பாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆரம்பத்தில் ஜோடியாகக் கம்பவேலை பார்த்தவர்கள், அப்பா மேலே, இவர் கீழே. சின்ன வயதிலிருந்து அவளுக்கு அவர் சித்தப்பாதான்.

"அம்மா, நீ படற கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா அவன் வீட்டுலதானே படுத்திருக்கான்?"

"நீங்க வந்து பாத்தீங்களா?"

தலைவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பத்தொன்பது நாளில் சங்கமே அந்த வீட்டுக்குப் போய்வந்தது. அவர் ஒருவர் மட்டும் போகவில்லை.

அவள் நெட்டையின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அன்னைக்கு நீங்க மூணு தட்டு தட்டினீங்களா?"

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். ஆறடி ஆள், அழும்போது சின்னப் பிள்ளையாகிவிட்டான். "இல்லம்மா. பெட்டிக்கடைக்குப் போயிட்டேன். வந்து பாத்தா கீழ கிடக்கறான். கீழ கிடக்கறவனுக்கு எதுக்குத் தட்டறதுன்னு தூக்கிட்டு ஓடிட்டேன்."

"அப்ப அவர இறங்குன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல."

"சொல்லலம்மா."

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் போய்த் தட்டுங்க. தட்டிட்டு நகராம நில்லுங்க." கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "பதினோரு மணி வரைக்கும் பொறுத்துக்கங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் அவள் வீட்டில் இருந்தேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். சலவைத் தெரு அங்கிருந்து இரண்டு மைல். தட்டினால் கேட்க வழியே இல்லை. எனக்கு எதுவும் கேட்கவும் இல்லை.

குருவிக்குக் கேட்டிருக்க வேண்டும். வலது பாதம் மெதுவாகப் பிரிந்து, விரிப்பின்மேல் ஒரு சாண் கீழே வந்து ஊன்றியது. பிறகு இடது பாதம். கைகள் ஒன்றையொன்று விட்டு, கீழே மாறிப் பிடித்தன. உடம்பு கட்டிலில் அப்படியே கிடக்க, கையும் காலும் மட்டும் இருந்த இடத்திலேயே படி மாற்றி மாற்றி இறங்கின. அவள் பழக்க தோஷத்தில் எண்ணினாள். "ஏழு… எட்டு… ஒம்பது…"

பன்னிரண்டில் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் அப்படியே. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அவள் நின்றாள், நான் சுவரோடு சுவராக நின்றேன். அப்புறம் பத்தொன்பது நாளாகப் பேசாத வாய் திறந்தது.

"வழி விடுங்க மாமா."

அவள் குனிந்து அவன் காதருகே போனாள். "யாரோட பேசறீங்க?"

"மாமா நிக்கறாரு. எனக்குக் கீழ் படில." கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் எங்கோ உயரத்திலிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது. "முதல்லேருந்து அங்கதான் நிக்கறாரு. அவரு நகராம நான் எப்படி இறங்கறது?"

"அப்பாவா?" என்றாள். "ஏன் இறங்க மாட்டேங்கறாரு? கேளுங்க."

சற்று நேரம் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தான். "என் தகட்ட நான் கழட்டலங்கறாரு. அது பலகைக்குத் தெரியும், அவன் வந்திருக்கான், அவனையே கேளுங்கறாரு."

நான் உயரத்துக்குப் பயந்தவன் என்று சொன்னேன் அல்லவா, அந்த நிமிஷம் தரையில் நின்றே கீழே விழுவேன் போலிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சொல்லுங்கண்ணே."

சொன்னேன். பன்னிரண்டு வருஷம் விழுங்கி வைத்திருந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குத் தலைவர் தலைவரில்லை, துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் அவள் அப்பா கம்பத்தில் இருக்க மாட்டார், சோற்றுக்கு இறங்கிவிடுவார், கடிகாரத்தையே அவரை வைத்துத்தான் திருப்புவோம் என்று கேலி பேசுவோம். அன்றைக்கும் சங்கு ஊதிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. கரண்ட் கொடு என்று மேலிடத்திலிருந்து நச்சரிப்பு. அண்ணன் இறங்கியிருப்பார், நடந்து வந்து கழற்றுகிற சிரமம் அவருக்கு எதற்கு என்று ஆபரேட்டரே தகட்டைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். அன்றைக்குக் கீழே நின்று தட்டவும் ஆள் இல்லை, மேலே ஒரு நட்டு மட்டும் பாக்கி இருந்தது. அதை முடுக்கிவிட்டு இறங்கலாம் என்று அவள் அப்பா இருந்திருக்கிறார்.

"செத்தவன் செத்தாச்சு, இருக்கறவனையாவது ஜெயிலுக்குப் போகாம காப்பாத்துவோம்னு அப்ப இருந்த நிர்வாகம் முடிவு பண்ணுச்சும்மா. அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன். அந்த ஆள் அப்புறம் முப்பத்திரண்டு நாள் வேலைநிறுத்தத்த முன்னால நின்னு நடத்தி இந்த விதிய வாங்கினாரு. மறதியால செத்தவனுக்காக எதுக்கு இப்படி ஒரு விதின்னு ஒருத்தரும் கேக்கல."

அவள் மிஷின் மேலிருந்த தகட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். "போய் எழுதுங்க," என்றாள்.

ஓடினேன். பலகையைத் துடைத்தேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்பலகையில் வந்த செய்தி பொய். இருபத்தேழாம் எண் தோழர் தன் தகட்டைக் கழற்றவில்லை. கழற்றியவர் அன்றைய ஆபரேட்டர். பொய் எழுதியவன் நான்.' என் கையெழுத்து இவ்வளவு கோணலாக அதற்கு முன் இருந்ததில்லை. வாசலில் நின்ற இரண்டு பேர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். திரும்பி நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குருவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதமும் தரையில் இருந்தன. கட்டிலின் நடுவில் மெத்தை பள்ளமாக அழுந்தியிருந்தது.

"பசிக்குது," என்றான் அவளிடம். பிறகு என்னிடம், "ஒதுங்கி வழி விட்டுட்டாருண்ணே. ஆனா அவரு இறங்கல. அவருக்குத் தட்ட வேண்டிய ஆளு இன்னும் வரலயாம்."

பதினொரு மணிக்குச் சரியாகத் துணைமின் நிலையத்தில் இருந்தோம். ரொட்டியைத் தின்றுகொண்டே நடந்து வந்தான் குருவி, அவன் கையைப் பிடித்தபடி அவள். இன்ஜினியர் கட்டரோடு நின்றார். சங்கத்து ஆட்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். பலகைச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தலைவரைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் தூரத்துக்கு இடம் காலியாக இருந்தது.

குருவி போய்த் தன் தகட்டைத் தானே கழற்றினான். "அப்பாடா," என்று இன்ஜினியர் சுவிட்சின் பக்கம் கையை நீட்டினார்.

"இருங்க சார்."

அவள் முன்னால் வந்தாள். பையிலிருந்து இருபத்தேழாம் தகட்டை எடுத்து, அதே கைப்பிடியில் மாட்டினாள். பித்தளை இரும்பில் பட்ட சத்தம் அந்த வளாகம் முழுக்கக் கேட்டது.

"எங்கப்பா இன்னும் இறங்கல," என்றாள். "இது நான் மாட்டினது. நான்தான் கழட்டணும். உங்க எல்லாருக்கும் விதி தெரியும்."

இன்ஜினியர் தலைவரைப் பார்த்தார். ஐம்பது பேரும் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை, தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "போய்த் தட்டுங்க சித்தப்பா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

தலைவர் ஒருவனிடம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். நான் போக வேண்டியவன்தான். நெட்டை காலை ஒன்பது மணியிலிருந்து நகராமல் கம்பத்தடியில் நின்றிருந்தான். சலவைக்காரர்கள் கடை வாசலில் நின்று பார்த்தார்கள். குருவி இறங்கியும் மேலே அவன் பெல்ட் தளரவில்லை, இன்னும் ஓர் ஆள் அதில் சாய்ந்திருப்பது போல இறுகியபடி இருந்தது. ஒரு துளிக் காற்று இல்லை, ஆனால் லைன் கம்பி மூன்றும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

தலைவர் மூன்று தட்டுத் தட்டினார். "அண்ணே, இறங்குங்க," என்றார். "மணி பன்னண்டாகப் போகுது. சாப்பிடப் போலாம்."

பெல்ட் தளர்ந்தது. பக்கிள் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அதற்குப் பிறகு கம்பத்தின் படிகள் மேலிருந்து ஒன்றொன்றாக அசைந்தன, ஒருவன் நிதானமாக இறங்கினால் எப்படி அசையுமோ அப்படி. நெட்டை என் கையைப் பிடித்த பிடியில் நாலு நாள் தழும்பு இருந்தது. தலைவர் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வலது தோளைக் கம்பத்துக்குப் பக்கமாகக் காட்டி நின்றார். கடைசிப் படி அசைந்தது. அவர் உடம்பு ஒரு பக்கமாகத் தணிந்து, பிறகு நிமிர்ந்தது.

துணைமின் நிலையத்தில் அதே நிமிஷம் அவள் தகட்டைக் கழற்றினாள், இன்ஜினியர் சுவிட்சைப் போட்டார் என்று பிறகு சொன்னார்கள். யாரும் போன் செய்யவில்லை. தெருவில் பதினொரு கடைகளிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். தலைவர் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கைய ஊனி இறங்கிப் போயிட்டாரு." தோளைத் தொட்டுப் பார்த்து, "எப்பவும் போல கனமான கை," என்றார்.

அவருடைய வெள்ளைச் சட்டையின் வலது தோளில், ஐந்து விரலும் தெளிவாக, கறுப்புக் கிரீஸ் பதிந்திருந்தது. மறுநாள் அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார், அதையும் நான்தான் பலகையில் எழுதினேன். அதற்கு முன், அந்தக் கம்பத்தடியிலேயே, சலவைத் தெரு மூலைக்கடைக்காரர், "தோழர், சட்டையக் குடுங்க, இஸ்திரிப்பெட்டி சூடாத்தான் இருக்கு, துவைச்சுத் தேச்சுத் தரேன்," என்று கையை நீட்டினார்.

"வேணாம்ப்பா," என்றார் தலைவர். "இது இருக்கட்டும்."